இடது பக்கத்து பிரேக்

இரவு பதினொன்றே கால். மேம்பாலத்தில் ஈ காக்கை இல்லை. அப்போதுதான் மழை விட்டிருந்தது... விளக்குக் கம்பங்களில் ஒன்று விட்டு ஒன்றுதான் எரிந்தது. ஒரு பெண் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு மேடு ஏறுகிறாள்.

இப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கள் பார்சல் கிடங்கில் கரண்ட் போய், பெட்டிகளை நகர்த்தும் பெல்ட் நின்று, நாங்கள் நான்கு பேர் அட்டைப் பெட்டிகள் மேல் குந்தியிருந்த நேரம். நடுவில் ஒரே ஒரு டார்ச். ஜெனரேட்டரைப் பார்க்கப் போனவன் போனவன்தான், ஆளைக் காணோம்.

கதைக்குக் காரணம் புதுவண்டி. லோடிங் சூப்பர்வைசர். கார் வாங்கினதிலிருந்து வாயில் வேறு பேச்சே கிடையாது என்பதால் நாங்கள் வைத்த பெயர். அன்று அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"மேடு ஏறுறப்ப பொசுக்குனு பிக்கப் போயிடுதுக்கா. மிதிக்கிறேன், மிதிக்கிறேன்... மனசே இல்லாம போற மாதிரி போகுது வண்டி. ஷோரூம்ல விட்டா, ஓட்டிப் பார்த்தோம், ஒண்ணுமில்லங்கறான்."

"ஓட்டிப் பார்த்தது ஒரு ஆளா, ரெண்டு ஆளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு. ஏன்?"

"அப்ப கேளு," என்றேன். பார்கோடு அடிக்கிற ஸ்கேனர்காரி என்ன கதை என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது என் தோழியின் கூடப்பிறந்த அக்காவுக்கு. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் போடுகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். அதனால் ஊருக்கு அவள் கிளட்சம்மா. ஸ்கூலை ஆரம்பித்தது அவள் கணவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கற்றுக்கொடுக்கிற காரில் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதிப்பதற்கு. மாஸ்டர் அதைத் தன் பெண்டாட்டிக்கும் மிதித்தார். அவள் லைசென்ஸ் எடுத்து, அவளே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த பிறகும் விடவில்லை. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் ஓட்டுவாள், அவர் இடது பக்கம் உட்கார்ந்து வலது காலை அந்த பிரேக் மேல் வைத்திருப்பார். அழுத்தமாட்டார். சும்மா வைத்திருப்பார்... வண்டி முக்கும். 'ச்சு' என்று ஒரு சத்தம் வரும் அவர் நாக்கிலிருந்து. பிறகு "மெல்ல" என்பார். அவள் வாய்விட்டுச் சிரித்தாலும் அதே "மெல்ல"தான்.

அந்தக் காலின் முட்டியில் அவருக்குத் தீராத வலி. தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் காரில் ஏறி இறங்கினால் நம் துணியும் மணக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் மத்தியானம். அப்போதுதான் அந்த மேம்பாலத்தைத் திறந்திருந்தார்கள். கிளட்சம்மா சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாக ஏறிவிட்டாள். உச்சியில் நிறுத்தச் சொன்னார் மாஸ்டர். "இறங்கு. நடந்து வா. நடந்தாத்தான் புத்தி வரும்," என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். கொளுத்துகிற வெயில். வழியில் செருப்பு அறுந்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். இதை முதலில் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்போது சொல்லும்போதும் எரிகிறது.

அந்த மாஸ்டர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வீட்டில், கட்டிலில், தூக்கத்தில். வண்டியில் இல்லை, விபத்தும் இல்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

அவர் போன பிறகு அவருடைய தம்பி கிளட்சம்மாவை நச்சரிக்க ஆரம்பித்தான். "பொம்பள நடத்துற ஸ்கூலுக்கு எவன் அண்ணி வருவான்? மூடிட்டு இடத்த என்கிட்ட விடுங்க." அவளுக்குப் பிழைப்பே அந்த ஸ்கூல்தான். மூட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுக் கார் எடுத்தாள். பழையதிலிருந்து ஒரே ஒரு சாமானைத்தான் கழற்றி மாட்டினாள். அந்த இடது பக்கத்து பிரேக்.

இப்போது அந்தப் பதினொன்றே காலுக்கு வருவோம்.

டியூட்டி முடிந்து கற்றுக்கொள்ள வருகிற ஒரு நர்ஸை அவள் வீட்டில் இறக்கிவிட்டு, கிளட்சம்மா தனியாகத் திரும்புகிறாள். மேம்பாலம். பாதி மேடு... வண்டி சொங்கிப்போய்விட்டது. ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதிக்கிறாள். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். அவ்வளவுதான். பின்னால் ஒரு லாரி. ஹாரன்... வெளிச்சம்... கண்ணாடி முழுக்க வெளிச்சம்... மயிரிழையில் ஒதுங்கிப் போனான். போகிற போக்கில் கிளீனர் தலையை நீட்டிக் கத்தினான்.

"மேட்டுல எதுக்கும்மா பிரேக் அடிக்கிற? பின்னாடி செவப்பா எரியுது பாரு!"

அவள் பிரேக் பக்கமே போகவில்லை.

மறுநாள் ஷோரூம். கண்ணாடிச் சுவர், ஏசி, காகிதக் கப்பில் காபி, கழுத்தில் டை கட்டிய ஒருவர். பெட்ரோல் சரியில்லை மேடம் என்றார். அடுத்த முறை, நீங்கள் வெளியில் மாட்டிய அந்த இன்னொரு பிரேக்தான் காரணம், கழற்றிவிட்டு வாருங்கள் என்றார். அது இல்லாமல் பாடம் நடத்துவது ஆபத்து. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். இடது பக்கம் தரையில் விரித்த வெறும் மிதியடி மட்டும்தான் மிச்சம். அன்றிரவே மேம்பாலத்தில் மறுபடியும் அதே முனகல். அதோடு 'ச்சு' என்று ஒரு சத்தம்... ஏதோ வயர் உரசுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை டைக்காரர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"மேடம், கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க. அந்த நேரத்துல பிரேக்கும் அழுந்தியிருக்கு. ரெண்டையும் ஒண்ணா மிதிச்சா இந்த வண்டி இழுக்காது, பாதுகாப்புக்காக அப்படி வெச்சிருக்கு. நீங்க எதுக்கும் யார்கிட்டயாவது ரெண்டு நாள் கிளாஸ் போனா..."

கிளாஸ்! கிளட்சம்மாவுக்கு!

"தம்பி, நீ யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்று கேட்டாள்.

அவர் டையைத் தடவிக்கொண்டார். "உங்க ஸ்கூல்லதான் மேடம்."

அங்கே வேலை நடப்பதே ஒரு தினுசு. ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் இடது பக்கம் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வார். வண்டி பறக்கும். பிரச்சினை இல்லை என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள். பேச்சு எப்படியோ கொழுந்தன் காதுக்குப் போனது. அண்ணிக்கு பிரேக் எது ஆக்சிலேட்டர் எது என்றே தெரியவில்லையாம் என்று அவன் ஊரெல்லாம் தமுக்கடித்தான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் அந்த நர்ஸ் ஒருத்திதான் மிச்சம். அவளும் போனால் ஸ்கூலுக்குப் பூட்டுதான்.

கிளட்சம்மா அன்று ஷோரூம் வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்து யோசித்தாள். பாடம் நடக்கும்போது வண்டி மக்கர் செய்வதில்லை. அப்போது இடது பக்கம் அவள் இருக்கிறாள். ஷோரூம்காரர்கள் ஓட்டும்போதும் செய்வதில்லை. இடது பக்கம் லேப்டாப்காரர் இருக்கிறார். அவள் தனியாகப் போகும்போது மட்டும்தான்... இடது பக்கம் காலியாக இருக்கும்போது மட்டும்தான்...

மெதுவாகக் குனிந்தாள். இடது பக்கத்து மிதியடிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள்.

தைலம்.

ஸ்கேனர்காரி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. நாமாக இருந்தால் சாவியை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருப்போம். கிளட்சம்மாவுக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் தன் ஆயுசில் வந்ததில்லை என்று அவளே என் தோழியிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்றிரவு நர்ஸை இறக்கிவிட்டு, வேண்டுமென்றே மேம்பாலத்துக்குத் திருப்பினாள். மறுபடியும் மழை விட்ட ரோடு. டயருக்கடியில் தண்ணீர் 'சர்ர்ர்' என்று கிழிகிறது. மேடு ஆரம்பித்தது. அவள் இடது பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

பாதி மேடு... வண்டி முக்கியது. ஜன்னல் மூடியிருக்கிறது, உள்ளே குப்பென்று தைல வாசனை. இடது பக்கம் சீட்டு லேசாக முனகியது, கனத்த ஆள் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. பிறகு... 'ச்சு'.

"கால எடுங்க," என்றாள்.

எடுக்கவில்லை. வேகம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. பின்னால் தூரத்தில் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்.

"நான் ஓட்டக் கத்துக்கிட்டு எத்தன வருஷம் ஆச்சு? என்னிக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வண்டிய என் இஷ்டத்துக்கு ஓட விட்டிருக்கீங்களா? சிரிச்சா மெல்ல. பேசினா மெல்ல. செத்த பிறகும் கால எடுக்க மாட்டீங்களா? என் பிழைப்பு மேலயா கால வெக்கிறீங்க?"

காதுக்குப் பக்கத்தில், மூச்சுப்படுகிற தூரத்தில், ஒரு குரல்.

"மெல்ல..."

அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. உருட்டி உருட்டி வண்டியை உச்சிவரை கொண்டுபோய் ஓரம் கட்டினாள். நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டாள். டிக் டிக் டிக்... இறங்கினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவை அகலத் திறந்தாள். காலி சீட்டு. சீட்டின் நடுவில் மட்டும் ஒரு பள்ளம்.

"இறங்குங்க."

டிக் டிக் டிக்...

"இறங்குங்க. நடந்து வாங்க. நடந்தாத்தான் புத்தி வரும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. பிறகு சீட்டில் இருந்த பள்ளம் மெல்ல மேலே வந்தது. காரின் இடது பக்கம் 'க்ரீச்' என்று எழும்பி நின்றது. முட்டி வலிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்குவாரே, அந்த மாதிரி கதவு ஒரு ஆட்டம் ஆடியது. தைல வாசனை அவளை உரசிக்கொண்டு போனது.

அவள் ஓங்கிக் கதவைச் சாத்தினாள். உட்கார்ந்தாள். கியரைப் போட்டு ஒரு மிதி... வண்டி சீறிக்கொண்டு இறங்கியது. அடிவாரம் வரைக்கும் தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனதாகச் சொன்னாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாயா என்று என் தோழி கேட்டிருக்கிறாள்.

"எதுக்குடி பார்க்கணும்? நான் என்ன ரிவர்ஸா எடுத்தேன்?"

அதற்குப் பிறகு வண்டியில் ஒரு குறை கிடையாது. டைக்காரர் போன் செய்து, எங்கள் சர்வீஸ் எப்படி மேடம் என்று விசாரித்தார். "ஆள் இறங்கியாச்சுன்னு உங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்குங்க," என்று வைத்துவிட்டாள். இடது பக்கத்துக்குப் புதிதாக ஒரு பிரேக் வாங்கி மாட்டினாள். நர்ஸ் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கி, தன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கூட்டத்தையே சேர்த்துவிட்டாள். போர்டில் இருந்த மாஸ்டர் என்ற பெயரைச் சுரண்டிவிட்டு 'கிளட்சம்மா' என்று கொட்டை எழுத்தில் எழுதவைத்தாள். கொழுந்தன் அந்தத் தெருவழியாக வருவதே இல்லை.

"அப்ப அவரு?" என்றாள் ஸ்கேனர்காரி. "அவரு எங்க போனாரு?"

அதுதான் விஷயம். கொஞ்ச நாளிலேயே அந்த ஷோரூமில் கூட்டம் சேர ஆரம்பித்தது. மேம்பாலம் ஏறும்போது பிக்கப் போகிறது என்று ஒருவர். ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது என்று இன்னொருவர். எல்லோருமே தனியாகப் போன ஆண்கள். எல்லோருக்கும் டைக்காரர் அதே பதிலைத்தான் சொல்கிறார், நீங்கள் இரண்டையும் சேர்த்து மிதிக்கிறீர்கள் என்று. என் தோழிக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம்க்கா, பாலத்துல நின்னு போறவங்க வண்டியில எல்லாம் ஏறுறார் போல. நீயே போய்க் கூட்டிட்டு வந்துடேன்," என்றாளாம்.

"நடந்து வாங்கன்னுதான சொன்னேன்? நடக்க முடியலன்னா அது அவர் பாடு. இத்தன வருஷம் நான் சுமந்தாச்சு. இனிமே ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க கொஞ்ச நாள் சுமக்கட்டும். பக்கத்துல ஒருத்தர் எப்பவும் பிரேக்ல கால வெச்சிருந்தா எப்படி இருக்கும்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

நான் முடித்தேன். எங்களோடு உட்கார்ந்திருந்த கிடங்குக் காவலாளி பீடியைப் பற்றவைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். கரண்ட் இன்னும் வரவில்லை. புதுவண்டியைச் சீண்டலாம் என்று டார்ச்சை அவன் பக்கம் திருப்பினேன்.

"என்னடா, இன்னிக்கு நீ தனியாத்தான போற?"

அவன் சிரிக்கவில்லை. கார் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"துவைக்கப் போட்ட சட்டைய மோந்து பார்த்துட்டு, நேத்து என் வீட்டுக்காரி கேட்டாக்கா..." என்றான். "'உங்களுக்கு எப்பலேருந்து முட்டி வலி'ன்னு."