பழைய ஃபான்ட்

டீ குடிக்கப் போகிறவர்கள் சீக்கிரம் திரும்புவதில்லை, மேடம். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினைந்து வருடமாக டைப்பிங் கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

அந்தப் புதன்கிழமை என் தம்பி அருள்பாண்டியின் மாமனார், முத்திருளன் மாமா, பேரையூரிலிருந்து வந்து போனை நீட்டினார்.

"பவதாரிணி அனுப்புச்சு தாயி. மதினி கடையில காட்டச் சொல்லுச்சு. ஒரே இங்கிலீஷா இருக்கு. எம்மக எம்புட்டுப் படிச்சிருச்சு பாரேன்."

கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தேன். முதல் வரியில் mg;gh என்று இருந்தது. கெட்டுப்போன ஃபைல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பழைய தமிழ் ஃபான்டில் அடித்ததை, அந்த ஃபான்ட் இல்லாத போனில் திறந்தால் இப்படித்தான் தெரியும். ஃபான்டை மாற்றினால் போதும், அதுவே அப்பா என்று ஆகிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் பவதாரிணிக்கு அந்த டைப்பிங்கை நான்தான் கற்றுக்கொடுத்தேன். வீட்டு லேப்டாப்பில் என் வேலையில் பாதியை அவள்தான் அடித்துத் தருவாள். கெட்டிக்காரி.

"நேரமாகும் மாமா, டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

நான்கு வரிதான். அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவை உசுரோட விடமாட்டேன்னு சொல்லிட்டார். போன்ல பேச முடியல, பக்கத்துலயே இருக்கார்.

என் தம்பிக்குக் கோபம் வரும், மேடம். சோறு போட்டால் தணிந்துவிடும். இதற்காக ஒரு குடும்பம் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாமே என்று பட்டது. வேறு நான்கு வரி அடித்தேன். நல்லா இருக்கேன்பா, சித்திரைத் திருவிழாவுக்கு வாரேன். பிரின்ட் எடுத்தேன். மாமாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நானே படித்தேன்.

"கிறுக்கச்சி, இதைப் போன்லயே சொன்னா என்னவாம்" என்று சிரித்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் பஸ் ஏறும்வரை வாசலில் நின்றேன்.

சனிக்கிழமை காலை அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

தம்பி செய்ததைத் தம்பி சொல்வான். நான் தொட்டது ஒரு ஃபைல். அவள் அனுப்பியதை அழிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தினமும் கடை திறந்ததும் அதைத் திறப்பேன். ஃபான்டை மாற்றமாட்டேன், mg;gh என்றே விட்டுவிடுவேன். கொஞ்ச நாளாக, மாற்றாமலே எனக்குப் படிக்க வருகிறது. அவள் குரலில்.

நான்காவது வரி என்ன என்று கேட்டீர்கள். அது எனக்கு எழுதியது.

மதினி, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்க.

படித்துத்தான் காட்டினேன், மேடம்.