நடுவில் வைத்த பொட்டு

"சாவி சாமிகிட்டதான் இருக்கு. போய்க் கேளு!"

மலேசியாவின் லுக்குட் ஊரில், இரும்புக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மனைவியிடம் இப்படிச் சீறினார். குழாய் வாங்க வந்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கத்தாதீங்க. ஆயுத பூசைன்னா எல்லாத்துக்கும்தான் பொட்டு வைப்பாங்க. நீங்க ஓட்டுற காடிக்கு வச்சேன், மோட்டாருக்கு வச்சேன், கேஸ் அடுப்புக்கும் வச்சேன். எது கெட்டுப்போச்சு?"

"அதுல எல்லாம் நம்பர் பட்டன் இல்ல லா! வாசக்கதவு புதுப் பூட்டுல சரியா அஞ்சு மேல அப்பி வச்சிருக்க. சந்தனம் உள்ள இறங்கிக் காஞ்சுபோச்சு, பட்டன் அமுங்கவே மாட்டேங்குது. நம்ம நம்பர்ல ரெண்டு அஞ்சு!"

"பொட்ட நடுவுலதானே வைக்கணும்? அஞ்ச நடுவுல வச்சது யாரு, நானா?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சரி, ரீசெட் பண்ணுங்க. மாட்டும்போது பெருசா பேசுனீங்களே."

"ரீசெட் பட்டன் கதவுக்கு உள்பக்கம் இருக்கு. கோயிலுக்குக் கிளம்பினதும் கதவு தானா பூட்டிக்கிச்சு. நாம வெளிய நிக்கிறோம்."

"பூட்டோட ஒரு சாவி குடுத்தாங்களே?"

"அதையும்தான் தட்டுல வச்சு, சாமி படத்துக்கு முன்னால கும்பிட்ட. இன்னும் அங்கேயேதான் இருக்கு!"

பூட்டைப் பெயர்க்க அவர் கேட்டிருந்த புது உளியைக் கடைக்காரர் மேசைமேல் வைத்தார். கணவர் கை நீட்டியதும் அந்த அம்மா தடுத்தார்.

"என்னங்க, புதுசு. பொட்டு வைக்காம தொடாதீங்க."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"சந்தனக் கிண்ணமும் உள்ளதான் இருக்கு."