பள்ளக்காட்டு வத்தாளை

— மொதல்ல அந்த ஈரச் சாக்கைத் தலையில இருந்து எடுங்க. தொரை என்னாதான் சொன்னாரு?

— சொல்றேன் புள்ள, மூச்சு வாங்குது. ஆப்பீஸ் வாசல்ல மழையிலயே நிக்க வச்சுட்டான், கேட்டுக்க. தோட்டத்துச் சங்கத் தலைவரு சிவசாமி வந்திருக்கேன்னு ரெண்டு தரம் சொல்லியனுப்பியும் உள்ள கூப்பிடல.

— பள்ளக்காட்டு வத்தாளைக் கெழங்கப் பத்திப் பேசினீங்களா, இல்லையா?

— அதப் பேசத்தானே போனேன். தேயிலைத் தோட்டத்துல கெழங்கு போட யாரு உத்தரவு குடுத்தான்னு குதிக்கிறான்.

— தேயிலை பட்டுப்போயி, கவ்வாத்து வெட்டக்கூட யாரும் எறங்காத காடுங்க அது. வேலையில்லாத நாளா பாத்து நாங்க பொம்பளைங்க கல்லப் பொறுக்கிக் கொடி நட்டோம். அவரு தேயிலையில ஒரு எலையத் தொட்டோமா?

— நான் சொல்லாமலா இருந்தேன்? அவன் லண்டன் கதை சொல்றான். எகிப்துல என்னமோ கால்வாய அடைச்சுட்டாங்களாம். கப்பலெல்லாம் சுத்திக்கிட்டுப் போகணுமாம். தேயிலைப் பெட்டி கொழும்புல தேங்கிக் கெடக்குதாம். அதனாலதான் கிழமைக்கு மூணு நாள் வேலையாம். ஒலகத்துக்கே கஷ்டம், எல்லாரும் பொறுத்துக்கணுமாம், கேட்டுக்க.

— கால்வாய் தொறந்து கெடந்தப்ப நமக்கு ஒரு பிடி அரிசி கூடப் போட்டாராங்க? கப்பல் போனா காசு அவருக்கு. கப்பல் நின்னா பட்டினி நமக்கு. இது எந்த ஊரு நியாயம்?

— நீ அடுப்படியில பேசுற மாதிரி அங்க பேச முடியுமா புள்ள?

— இம்புட்டு மலையும் நம்மாளுக வெட்டுன மலை. எங்க பாத்தாலும் பச்சை. அதுல வாயில வைக்கிற மாதிரி ஒண்ணு இருக்குதாங்க? தின்ன முடியாத எலைய வளத்து வித்து, தின்கிற அரிசிய பர்மாவுல இருந்து வாங்கிக்கிட்டுக் கெடக்கோம். இது என்னா பொழப்புன்னு ஒருத்தரும் யோசிக்கலையே.

— தொரை யோசிச்சிருக்கான். "காட்டுல சோறு வெளைஞ்சுட்டா நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு குடுக்க எவன் வருவான்"னு பெரிய கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லிச் சிரிக்கிறான். என் காதுல விழட்டும்னேதான்.

— அப்ப, பிடுங்கச் சொல்லிட்டாரா?

— முழுசா இல்ல.

— முழுசா இல்லைன்னா?

— பாதி நிக்கும்.

— எந்தப் பாதிங்க?

— நம்ம சங்கத்து ஆளுங்க பாதி. மூக்கன் சங்கத்து ஆளுங்க பாதியப் பிடுங்கிரணும்.

— என்னாங்க சொல்றீங்க?

— மூக்கன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேங்கிறான், புள்ள. அவன் சங்கம்னாலே தொரைக்கு ஆகல. நம்மளோடயாச்சும் பேசுறான்.

— ஓட்டப் பறிச்சு நாடில்லாதவங்களா ஆக்குனப்ப ஒரே சங்கமாத்தானே இருந்தோம்? நீங்களும் மூக்கண்ணனும் ஒரு கொடியத் தூக்கிக்கிட்டு அட்டன் வரைக்கும் நடந்தீங்களே.

— அது அப்ப. மேல இருக்கிற பெரிய தலைவருங்க பிரிஞ்சுட்டாங்க. நான் என்ன செய்ய?

— கொழும்புல அவங்க பிரிஞ்சா பள்ளத்துல கொடியும் பிரியுமா? மூக்கண்ணன் பொண்டாட்டி அம்மாக்கண்ணு குழி பறிப்பா, நான் கொடி வைப்பேன். எது யாரு கொடின்னு எங்களுக்கே தெரியாது. ஒண்ணு மேல ஒண்ணு படந்து கெடக்கு. வெதைக்கொடி குடுத்த கீழ்க் கிராமத்துச் சிங்களப் பொம்பளைகூட நீ எந்தக் கட்சின்னு கேக்கலைங்க.

— பள்ளத்து ஓடைக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாமன்னு வச்சுக்கிட்டா தீந்துச்சு.

— போன கிழமை மூக்கண்ணன் பேரப்புள்ளைய ஒங்க கையாலதானே குழியில எறக்குனீங்க. பட்டினியில தாய்க்காரி சண்முகவடிவுக்குப் பால் ஊறல. அவ பச்ச ஒடம்போட வந்து நேத்தும் கொடிக்கு மண்ணு அணைச்சா. அவள எந்தப் பக்கம் நிப்பாட்டப் போறீங்க?

— நம்ம புள்ளைங்களும் அப்படிப் போயிரக் கூடாதுன்னுதான் புள்ள. எல்லாம் போறதுக்குப் பாதியாச்சும் மிஞ்சட்டுமேன்னு நெனச்சேன்.

— யாரு பிடுங்குறது? தொரையா பள்ளத்துல எறங்கப் போறாரு?

— நாந்தான். விடிஞ்சதும் நம்ம ஆளுங்களக் கூட்டிக்கிட்டு. செய்யிறேன்னு சொல்லிட்டேன்.

— சொல்லிட்டீங்களா.

— அப்படிப் பாக்காத அழகம்மா. ஏசணும்னா ஏசிரு. பதிலுக்குத் தொரையும் வாக்குக் குடுத்திருக்கான், கேட்டுக்க. நம்ம ஆளு ஒருத்தனுக்கும் வேலை போகாது, ஒருத்தனையும் லயத்த விட்டு எறக்க மாட்டேன்னு.

— எப்பக் குடுத்தாரு?

— இப்பத்தான். அங்கிருந்து நேரா வர்றேன்.

— நீங்க வாசல்ல மழையில நின்னுக்கிட்டிருந்தப்பவே சின்னக் கணக்கப்பிள்ளை இங்க வந்துட்டுப் போயிட்டாருங்க.

— எதுக்கு?

— பத்துச்சீட்டு குடுக்க. வேலையில இருந்து நிப்பாட்டியாச்சு, மாசம் முடியிறதுக்குள்ள லயத்துக் காம்பராவக் காலி பண்ணணும்னு. மூக்கண்ணனுக்கு ஒண்ணு. ஒங்களுக்கு ஒண்ணு.

— எனக்கா? இருக்காது புள்ள. எனக்கு எப்படி… வந்தவொடனே ஏன் சொல்லல?

— சொல்லத்தான் வாசல்ல நின்னேன். நீங்க என் மூஞ்சியப் பாக்காம உள்ள வந்தீங்க. என்ன செஞ்சுட்டு வந்திருக்கீங்கன்னு ஒங்க வாயாலயே கேக்கணும்னு இருந்துட்டேன்.

— மூக்கன்… மூக்கன் என்ன சொன்னான்?

— சீட்டக் கையில பிடிச்சுக்கிட்டு, அழுத பொம்பளைங்களத் தேத்திக்கிட்டிருந்தாருங்க. "யாரும் அழுவாதீங்க, சிவசாமி தொரைகிட்டப் போயிருக்கான், நம்ம எல்லாருக்கும் சேத்துத்தான் பேசிட்டு வருவான்"னு.