இரண்டு அலுமினியத் துண்டுகள்

தேத்தண்ணி நன்றாயிருக்கிறது, ஐயா. சீனி அளவாகப் போட்டிருக்கிறீர்கள்.

என் பெயர் இராஜரத்தினம். வீடு அம்பிட்டியவில். கண்டிக்குப் பக்கத்திலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தவன். சந்தோஷமான வேலை அது. உலோகத் துண்டின்மேல் லேசர் ஒளியைக் குவித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். ஊசிமுனையளவு உலோகம் ஆவியாகிப் பிளாஸ்மாவாய் மின்னும். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் உலோகக் கலப்பில் இருப்பதெல்லாம் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள்.

தொண்ணூற்றொன்பதில் பொலிசார் இரண்டு அலுமினியத் துண்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்று பஸ்ஸில் வெடித்த குண்டின் ஓடு. மற்றது மஹய்யாவவில் சட்டி வார்க்கும் செல்லச்சாமியின் பட்டறையில் எடுத்தது; ஆளையும் பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கலப்பா என்று கேட்டார்கள்.

இல்லை. குண்டில் செம்புக் கோடு பளிச்சென்றிருந்தது. சட்டியில் செம்பே இல்லை, சிலிக்கன்தான். மூன்று முறை பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். "நீங்களும் தமிழ்தானே, சேர்?" என்று சிரித்தபடி கேட்டார். அவ்வளவுதான்.

இல்லையென்று எழுதினால் தமிழன் தமிழனைக் காப்பாற்றினான் என்பார்கள். ஆய்வுகூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அந்த லேசருக்காக நான் ஆறு வருஷம் அலைந்தவன். அதனால் ஒரே கலப்பு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு செல்லச்சாமியின் மனைவி நல்லம்மா வீட்டுக்கு வந்தார்.

"சார், அவருக்குச் சட்டி ஊத்தறதத் தவிர ஒன்னும் தெரியாது. இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க சார்."

"நான் வடிவாப் பாத்தனான், அம்மா. மெஷின் பொய் சொல்லாது. அழாதேங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ."

அவர் உட்காரவில்லை.

"அப்ப, அவரு எங்கிட்டயே மறைச்சிட்டாரா சார்?"

"இருக்கலாம், அம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவருக்கு ஒரு தெளிவு கிடைத்ததில் எனக்கும் நிம்மதிதான். அதன்பிறகு அவர் சிறைக்குப் புருஷனைப் பார்க்கப் போகவில்லையாம். செல்லச்சாமி மூன்றாம் வருஷம் அங்கேயே இறந்துபோனார். கடைசிவரை வாசலைப் பார்த்தபடி இருந்தார் என்று யாரோ சொன்னார்கள்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்: ஓம், அந்த அறிக்கை பொய். தெரிந்துதான் எழுதினேன். ஆனால் ஆய்வுகூடம் பிழைத்துக்கொண்டது. நாலு பிள்ளைகள் அங்கே கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டார்கள். அதில் ஒருத்தி மஹய்யாவப் பிள்ளை, செல்லச்சாமியின் பகுதிதான். கெட்டிக்காரி.

செல்லச்சாமி இருந்திருந்தால் அவளைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.