கந்தோர்க் கம்ப்யூட்டரின் நேரம்

தேத்தண்ணீரை ஆறவிடாதீர்கள், முஹ்ஸினா. பதுளையிலிருந்து பஸ்ஸேறி வந்திருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்துத் தூளுக்குச் சூடு இருந்தால்தான் மணம்.

உங்கள் கணவர் ஷுக்ரி கம்ப்யூட்டர்க் கடையைப் பூட்டிவிட்டார் என்கிறீர்கள். வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் கழற்றிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்தக் கந்தோரில் கணக்கெழுதுகிறவள் நான்தான்; நடந்ததைச் சொல்கிறேன்.

தோட்டத்தை நடத்திய எங்கள் பழைய துரைக்கு இந்தக் கந்தோர்க் கம்ப்யூட்டர்மேல் அளவில்லாத நம்பிக்கை. காலையில் அது ஏழு மணி காட்டியதும் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு முடிந்தது. பிந்தி வருகிறவளுக்கு அன்று வேலையில்லை. ஒருநாள் ரெங்கம்மா, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மேட்டில் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"புள்ள அழுதுச்சுங்க தொரே. இன்னைக்கு மட்டும் பேரு போடுங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார் துரை. அவள் வெறுங்கூடையோடு லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

சில நாளில் கம்ப்யூட்டரின் நேரம் பிந்தத் தொடங்கியது. அதற்கு நான் பொறுப்பில்லை. உள்ளே இருந்த சின்னப் பெட்டரி தானாகவே பலமிழந்துவிட்டது. மாலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனால் காலையில் அரைமணி பின்னால் காட்டும். துரை தன் கைக்கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொண்டார். பெண்கள் ஆற அமர வேலைக்கு வந்தார்கள். துரை கொழும்பு ரயிலைத் தவறவிட்ட பிறகுதான் ஷுக்ரியைக் கூப்பிட்டார்கள்.

உங்கள் கணவர் கெட்டிக்காரர். பெட்டியைத் திறந்தவுடனே காரணத்தைக் கண்டுபிடித்துப் புதுப் பெட்டரி போட்டார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இது ஒங்களுக்கு வெளங்காது தங்கச்சி" என்று சிரித்தார்.

பக்கத்தில் நின்று பார்த்தேன். நன்றாகவே விளங்கியது. அவர் மோட்டார் சைக்கிள் வளைவு திரும்பியதும், கழற்றிப் போட்டிருந்த பழைய பெட்டரியையே திரும்ப மாட்டினேன். ரெங்கம்மாவுக்காக.

மறுபடி வந்தார். வேறு பெட்டரி போட்டார். அதையும் நான் மாற்றினேன். அடுத்த முறை வயர்களை மாற்றினார், அதற்கடுத்து உள்பலகையையே மாற்றினார். இடி விழுந்திருக்கும் என்றார். கடைசியில் மலையிலேயே காந்தம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டுத் திசைகாட்டி கொண்டுவந்தார். அதைப் பிடித்துக்கொண்டு கந்தோரைச் சுற்றி அவருடன் நடந்தவள் நான்தான்.

அதற்குள் பழைய துரை மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் கம்ப்யூட்டரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பெரட்டுக்குக் கங்காணி சொல்வதுதான் நேரம். பிறகும் ஏன் பெட்டரியை மாற்றினாய் என்று கேட்க நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. கைப்பழக்கம், வேறொன்றுமில்லை.

போன மாதம் வந்தபோது அவர் சிரிக்கவில்லை. திறந்த பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "எனக்கே வெளங்கல்ல தங்கச்சி" என்றார். ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. எல்லாம் அந்தப் பெண்களுக்காகச் செய்தது. அவர் போட்ட புதுப் பெட்டரிகளெல்லாம் இந்த பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, கொண்டுபோய்க் கொடுங்கள். கடையைத் திறக்கச் சொல்லுங்கள். முடிந்தால் முதலில் இங்கே வந்துபோகச் சொல்லுங்கள். நேற்றிலிருந்து எங்கள் பிரின்டரும் ஏனோ சரியாக அச்சடிப்பதில்லை.