கரித் துண்டு சொன்ன பதில்

"நட்சத்திரங்களுக்கு நடுவுலயும் நம்ம கரி கீதுப்பா."

எண்ணூர் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது. ஆராய்ச்சிப் படிப்புக்கு இன்டர்வியூ முடித்து வருகிறாள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் அவளுடைய அப்பா ராயபுரத்தில் ஏறியவர், அடுத்தவர் துணியில் கரி ஒட்டுமென்று உட்காராமல் நின்றிருந்தார்.

"அங்க இன்னா பண்ணுது?"

"கரியில கீற மாதிரி மூலக்கூறுப்பா. நட்சத்திரத்தோட புற ஊதா ஒளி பட்டா அதிரும். வாங்குனத வச்சிக்காம அகச்சிவப்பா வெளிய வுட்டுடும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும்."

"அத்தயா கேட்டாங்க?"

"அது பூமியில எங்க கீதுன்னு கேட்டாங்க. பயத்துல படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. எங்கப்பா துண்டுலன்னு சொல்லிட்டேன்."

அவர் தோளிலிருந்த துண்டை அவசரமாகச் சுருட்டினார். "அய்ய, அத்த ஏம்மா சொன்ன? சீட்டு போச்சா?"

"சரியான பதிலுன்னாங்க. சீட்டு கெட்ச்சிடுச்சுப்பா."

திருவொற்றியூர் வந்தபோது அவர் துண்டைப் பிரித்துத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்குக் குளிச்சிட்டு வந்து அவங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்மா" என்றார்.

"போடலாம். மொதல்ல இது" என்று அவர் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"மூஞ்செல்லாம் கரிம்மா."

"இருக்கட்டும்ப்பா."