நரைத்தவளும் குதிரைக்காரியும்

திருச்செங்கோட்டு டூரிங் கொட்டகையில் பெண்கள் சீட்டு வாங்கும் வரிசை. வெயில் இன்னும் தாழவில்லை. எனக்கு முன்னால் நின்றவள் தன் அக்காவிடம் கேட்டாள்:

“ஏனுங்கக்கா, போன மாசப் படத்துல அந்த வெள்ளைக்காரிக்குத் தலையெல்லாம் நரைச்சிருந்துச்சு. இன்னைக்கு விளம்பரத் தட்டியில சின்னப் புள்ளையாட்டக் குதிரையில போறா. இவ அவ மகளுங்களா?”

“மகளுமில்ல, ஒண்ணுமில்ல. அவளேதான். கன்னத்துக் குழியப் பாரு. மத்த ஊர்லயெல்லாம் ஓட்டிப் பழசான படப்பெட்டிதான நமக்கு வரும்? அதுலயும் முன்ன எடுத்தது பின்ன, பின்ன எடுத்தது முன்னன்னு மாறி வருது. அவ சின்ன வயசுல நடிச்ச ஊமைப்படம் இப்பத்தான் வந்திருக்குது.”

“இத்தன குதிரை ஓட்டுனவளையா, போன மாசம் வாசல்ல நின்னு மகனுக்குக் கையாட்ட வெச்சாங்க?”

“வயசாயிட்டா அந்த வேசந்தான் குடுப்பாங்க. நடுவுல ஒரு படத்துல அக்காளா வந்தா, நீ பாக்கல. எதக் குடுத்தாலும் வேண்டாங்காம நடிக்கறா, பாவம்.”

மணி அடித்தது. வரிசை நகர்ந்தது. தங்கை மட்டும் தட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னைக்கு நம்மூர்ல குதிரை ஏறப்போறான்னு அவகிட்ட ஆராச்சும் சொல்லுவாங்களாக்கா?”